39 கோடி ஆண்டுகள் தாக்குப்பிடித்த டகாகியா பாசி... 10 ஆண்டு வெப்பத்தில் தடுமாறுவது ஏன்?

டைனோசர்கள் தோன்றுவதற்கு முன்பே அது இருந்தது. டைனோசர்கள் அழிந்த பிறகும் இருந்தது. காலுக்குக் கீழே இருந்த நிலமே மெல்ல மெல்ல உயர்ந்து உலகின் கூரையாக மாறியபோதும் அது சாகவில்லை. உயரம் ஓரிரு சென்டிமீட்டர்தான். பூ கிடையாது, காய் கிடையாது, வேர்கூட கிடையாது. பெயர் டகாகியா.

இமயமலையிலும் திபெத்தின் பனிமலைகளிலும் வளரும் இந்தச் சின்னஞ்சிறு பாசிதான் இப்போது அழிவை எதிர்நோக்கி நிற்கிறது. 2023 ஆகஸ்ட் மாதம் 'செல்' அறிவியல் இதழில் வெளியான ஒரு விரிவான ஆய்வு இதைச் சொன்னது. சீனாவின் கேப்பிட்டல் நார்மல் பல்கலைக்கழகம், ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வாளர்கள் பத்தாண்டுக்கும் மேலாக திபெத் மலைகளில் ஏறி இறங்கிச் சேகரித்த தகவல் அது.

இவ்வளவு கெட்டியான ஒரு உயிரினம், கொஞ்சம் வெப்பம் கூடியதற்கு ஏன் தடுமாறுகிறது? இதைக் காப்பாற்ற முடியுமா? ஒரு பாசி போனால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், பாசி என்றால் எந்தப் பாசி?

தமிழில் 'பாசி' என்றால் குளத்தில் படரும் பச்சைப் பாசியும் நினைவுக்கு வரும், மழைக்காலத்தில் சுவரில் வெல்வெட் துணி மாதிரி ஒட்டி வளர்வதும் நினைவுக்கு வரும். அறிவியல்படி இரண்டும் வேறு வேறு. குளத்தில் மிதப்பது ஆல்கா வகை. சுவரிலும் பாறையிலும் மரப்பட்டையிலும் மெத்தை போல வளர்வது 'மாஸ்' வகை. டகாகியா இந்த இரண்டாவது வகை.

மாஸ் வகைப் பாசிகளில் நீரை மேலே ஏற்றும் குழாய் அமைப்பு மற்ற செடிகளைப் போல முழுமையாக இருக்காது. வேர் கிடையாது. உடம்பு முழுவதாலும் நேரடியாக ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் இருந்தால் வளரும், இல்லாவிட்டால் சுருண்டுவிடும். பல மாஸ் வகைகளுக்குப் பாறையைப் பிடித்துக்கொள்ள வேர் போன்ற மெல்லிய இழைகளாவது இருக்கும். டகாகியாவுக்கு அதுவும் இல்லை.

இலையும் விசித்திரமானதுதான். தட்டையாக இல்லாமல், விரல்களைப் பிரித்து வைத்தது போல உருண்டையான சிறு குச்சிகளாகப் பிரிந்து நிற்கும். உடம்பில் பிசின் போன்ற வழவழப்பான திரவமும் சுரக்கும்.

'என்னய்யா இது?' என்று பெயர் வாங்கிய பாசி

இந்தப் பாசி விஞ்ஞானிகளைக் குழப்பிய கதை பெரியது. அது தொடங்குவது இந்தியாவில்.

19-ஆம் நூற்றாண்டில் சிக்கிம் இமயமலைப் பகுதியில் சுற்றிய பிரிட்டிஷ் தாவரவியலாளர் ஜோசப் டால்டன் ஹூக்கர் ஏராளமான செடிகளைச் சேகரித்தார். அதில் இதுவும் ஒன்று. 1861-இல் வில்லியம் மிட்டன் என்பவர் அதை விவரித்து எழுதினார். ஆனால் அவர் அதை மாஸ் என்று சொல்லவில்லை. 'லிவர்வொர்ட்' என்ற வேறொரு தாவரக் கூட்டத்தில், 'லெபிடோசியா' என்ற பேரினத்தில் சேர்த்துவிட்டார். அதன்பிறகு பல பத்தாண்டுகள் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

1950-களில் ஜப்பானின் உயரமான மலைகளில் நோரிவோ டகாகி என்ற பாசி ஆய்வாளரின் கண்ணில் இது போன்ற ஒரு செடி பட்டது. கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அது என்ன வகை என்றே பிடிபடவில்லை. ஆல்காவா, லிவர்வொர்ட்டா, மாஸா? எதிலும் சரியாகப் பொருந்தவில்லை. கடைசியில் 1958-இல் ஹட்டோரி, இனோவே என்ற இரு ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்குத் தனிப் பேரினமே உருவாக்கி, கண்டெடுத்தவர் பெயராலேயே 'டகாகியா' என்று பெயர் வைத்தார்கள்.

ஜப்பானியர்கள் பேச்சு வழக்கில் வைத்த பெயர் இன்னும் சுவாரசியம்: 'நஞ்சாமோஞ்சா கோகே'. இன்னதென்று பிடிபடாத செடியைப் பார்த்துக் கேட்கும் கேள்வியையே பெயராக வைத்துவிட்டார்கள். நம்மூர் வழக்கில் சொன்னால் 'என்னய்யா இது பாசி'.

குழப்பம் தீர மேலும் 30 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதுவரை யாரும் இதன் ஆண் உறுப்புகளையோ, வித்துகளை உருவாக்கும் பகுதியையோ பார்த்ததே இல்லை. 1990-களின் தொடக்கத்தில் அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகளில் அவை கிடைத்தன. அதைப் பார்த்த பிறகுதான் இது லிவர்வொர்ட் அல்ல, மாஸ் வகையைச் சேர்ந்தது என்று உறுதியானது.

இன்று உலகில் இருப்பது இரண்டே இரண்டு டகாகியா இனங்கள். இமயமலை, திபெத், ஜப்பான், அலூஷியன் தீவுகள், கனடாவின் மேற்குப் பகுதி என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத சில இடங்களில் மட்டும் துண்டு துண்டாக வளர்கின்றன. 'டகாகியா லெபிடோசியாய்டிஸ்' என்ற இனத்தைத்தான் திபெத்தில் நடந்த ஆய்வு பின்தொடர்ந்தது.

39 கோடி ஆண்டு என்று எப்படிச் சொல்கிறார்கள்?

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். 39 கோடி ஆண்டு வயதான ஒரு செடி அங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தமல்ல. மற்ற மாஸ் வகைகளின் பாதையிலிருந்து டகாகியாவின் பரம்பரை தனியாகப் பிரிந்து சுமார் 39 கோடி ஆண்டுகள் ஆகின்றன என்று அர்த்தம். அதாவது, குடும்பத்தின் வயதுதான் 39 கோடி. தனிச் செடியின் வயது அல்ல.

இதை மரபணுவை வைத்துக் கணக்கிடுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக மரபணுவில் சிறுசிறு மாற்றங்கள் சேர்ந்துகொண்டே போகும். இரண்டு உயிரினங்களுக்கு இடையே எவ்வளவு மாற்றம் சேர்ந்திருக்கிறது என்று ஒப்பிட்டு, வயது தெரிந்த புதைபடிவங்களோடு பொருத்திப் பார்த்தால், அவை எப்போது பிரிந்தன என்ற கணக்கு கிடைக்கும்.

புதைபடிவ ஆதாரமும் இருக்கிறது. சீனாவின் உள் மங்கோலியாப் பகுதியில் கிடைத்த 16.5 கோடி ஆண்டு பழைய புதைபடிவத்தில், இன்றைய டகாகியாவின் அதே தோற்றம் தெரிகிறது. அன்றைக்கு டைனோசர்கள் உலவிய காலம். இன்றைய திபெத்தின் கடுங்குளிரோடு ஒப்பிட்டால் அன்றைய சூழல் எவ்வளவோ வெதுவெதுப்பானது.

உருவம் மாறவில்லை, உள்ளே எல்லாம் மாறியது

16.5 கோடி ஆண்டுகளாக ஒரே தோற்றம் என்றால் உடனே 'வாழும் புதைபடிவம்' என்று சொல்லத் தோன்றும். காலத்தில் உறைந்துபோன செடி என்று நினைப்போம். ஆனால் மரபணுவைப் பிரித்துப் படித்தபோது கிடைத்தது நேர் எதிரான விடை.

டகாகியாவின் மரபணுத் தொகுப்பில் புரதம் உருவாக்கும் மரபணுக்கள் 27,467 இருக்கின்றன. மனிதனுக்கே சுமார் 20,000-தான். இத்தனைக்கும் இதன் ஒரு செல்லில் இருப்பது வெறும் 4 குரோமோசோம்கள்.

முக்கியமான செய்தி அது அல்ல. சூழலின் நெருக்கடிக்கு ஏற்ப வேகமாக மாறிய மரபணுக்களின் எண்ணிக்கைதான் ஆய்வாளர்களை வியக்க வைத்தது. ஒப்பிட்டுப் பார்த்த தாவரங்களிலேயே இத்தகைய மரபணுக்கள் டகாகியாவில்தான் மிக அதிகம். வெளியே பார்த்தால் அதே பழைய செடி. உள்ளே தொடர்ந்து 'அப்டேட்' நடந்துகொண்டே இருந்திருக்கிறது.

இந்த மாற்றத்துக்குக் காரணம் நிலம். கடந்த 6.5 கோடி ஆண்டுகளில் இந்தப் பகுதி படிப்படியாக உயர்ந்தது. இந்திய நிலத்தட்டு ஆசிய நிலத்தட்டோடு மோதியதால் எழுந்ததுதான் இமயமலையும் திபெத் பீடபூமியும். டகாகியா மலையைத் தேடிப் போகவில்லை, அது இருந்த நிலம்தான் அதைத் தூக்கிக்கொண்டு மேலே போனது என்று சொல்லலாம்.

மேலே போகப் போக இரண்டு ஆபத்துகள் வந்தன. ஒன்று குளிர். இன்னொன்று புற ஊதாக் கதிர். உயரம் 1,000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிரின் அளவு சுமார் 10 சதவீதம் கூடும் என்பது பொதுவான கணக்கு. 4,000 மீட்டர் உயரத்தில் சூரியன் சுள்ளென்று சுடும், ஆனால் காற்று உறைய வைக்கும். புற ஊதா-பி கதிர் செல்லுக்குள் நுழைந்தால் டி.என்.ஏ-வையே உடைக்கும். நிழல் தேடி நகர முடியாத செடிக்கு இது உயிர்ப் பிரச்சினை.

டகாகியா எப்படிச் சமாளித்தது?

பழுதுபார்ப்பு: கதிரால் டி.என்.ஏ உடைந்தால் அதைச் சரிசெய்யும் மரபணுக்கள் இதில் வலுவடைந்திருக்கின்றன. அடிபடாமல் இருப்பது அதன் வழி அல்ல. அடிபட்ட வேகத்தில் சரிசெய்துகொள்வதுதான் வழி.

குளிர் தாங்கும் திறன்: உறையும் வெப்பநிலையிலும் செல்கள் சிதையாமல் காக்கும் ஏற்பாடுகள் இதனிடம் உண்டு.

கிளைவிட்டுப் படர்தல்: எந்தப் பக்கம் இடம் கிடைக்கிறதோ அந்தப் பக்கம் கிளைவிட்டு, ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்த வலை போல வளரும். பனிப்புயல் அடித்தாலும் கூட்டமாக நின்று தாங்கிக்கொள்ளும்.

பனிப் போர்வை: ஆண்டுக்கு சுமார் 8 மாதம் பனிக்கு அடியில் இருக்கும். மீதி 4 மாதம்தான் வெளிச்சம். அந்த நான்கு மாதத்துக்குள் ஒளிச்சேர்க்கை, வளர்ச்சி எல்லாவற்றையும் முடித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாகச் சொன்ன விஷயத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பனிக்கு அடியில் இருப்பது நமக்குத் தண்டனை போலத் தெரியும். டகாகியாவுக்கு அது பாதுகாப்பு. பனி அடுக்கு வெளியே இருக்கும் கொடுங்குளிரைத் தடுக்கும். காய்ந்துபோகாமல் ஈரத்தைக் காக்கும். புற ஊதாக் கதிரையும் மறைக்கும். அதாவது, பனி அதற்குப் போர்வை, குடை, தண்ணீர்த் தொட்டி மூன்றும்.

அப்படின்னா இப்ப என்ன சிக்கல்?

அந்தப் போர்வைதான் விலகிக்கொண்டிருக்கிறது.

தென்கிழக்கு திபெத்தில் உள்ள காவாலோங் பனிப்பாறைப் பகுதிக்கு 2010 முதல் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சென்றார்கள். மொத்தம் 18 பயணங்கள். 4,000 மீட்டருக்கு மேல் மூச்சு வாங்கும் உயரம், ஒரே நாளில் வெயில், மழை, பனி எல்லாம் வரும் வானிலை. அங்கே வெப்பநிலையைப் பதிவு செய்தார்கள், குறிப்பிட்ட இடங்களில் டகாகியா எவ்வளவு பரப்பை மூடியிருக்கிறது என்று ஆண்டுதோறும் அளந்தார்கள்.

கிடைத்த முடிவுகள் இவை:

• 2010-க்கும் 2021-க்கும் இடையே ஆய்விடத்தில் வெப்பநிலை ஆண்டுக்குச் சராசரியாக 0.4 டிகிரி செல்சியஸுக்கும் அதிகமாக உயர்ந்தது. 4,000 மீட்டருக்கு மேலான உயரங்களில் இதுவரை பதிவானவற்றிலேயே மிக வேகமான உயர்வு இது என்று ஆய்வு சொல்கிறது.

• அருகில் உள்ள பனிப்பாறை ஆண்டுக்கு ஏறக்குறைய 50 மீட்டர் பின்வாங்கியது. பத்தாண்டில் கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர்.

• டகாகியா மூடியிருக்கும் பரப்பு ஆண்டுக்கு சுமார் 1.6 சதவீதம் என்ற வீதத்தில் சுருங்கியது.

• அதே இடத்தில் வளரும் மற்ற 4 மாஸ் வகைகளைவிட டகாகியாவின் வீழ்ச்சி வேகமாக இருந்தது.

முதல் எண்ணைப் பார்த்துவிட்டு உலகமே ஆண்டுக்கு 0.4 டிகிரி சூடாகிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இது ஒரு குறிப்பிட்ட மலைப்பகுதியில் எடுத்த அளவு. தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தோடு ஒப்பிட்டால் உலகச் சராசரி உயர்ந்திருப்பதே ஒரு டிகிரிக்குச் சற்று அதிகம்தான். அதே நேரம், திபெத் பீடபூமி உலகச் சராசரியைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் சூடாகி வருகிறது என்பது பல ஆய்வுகள் காட்டிய உண்மை.

மலை உச்சி ஏன் வேகமாகச் சூடாகிறது?

இதற்கு ஒரு முக்கியக் காரணம் பனியின் வெள்ளை நிறம். வெள்ளைச் சட்டை வெயிலைத் திருப்பி அனுப்பும், கறுப்புச் சட்டை இழுத்துக்கொள்ளும் என்பது எல்லோருக்கும் தெரிந்த அனுபவம். பனி மூடிய மலை பெரிய வெள்ளைச் சட்டை மாதிரி. கொஞ்சம் சூடு கூடினால் ஓரத்தில் பனி உருகும். கீழே இருக்கும் கரும்பாறை வெளியே தெரியும். அது வெயிலை உறிஞ்சும். அந்தச் சூட்டில் பக்கத்துப் பனியும் உருகும். இன்னும் கொஞ்சம் பாறை வெளியே வரும். இப்படியே சுழற்சியாகப் போய்க்கொண்டிருக்கும்.

நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு எரிப்பதால் வரும் கரியமில வாயு இந்தச் சுழற்சியைத் தொடங்கி வைக்கிறது. பிறகு மலையே அதை வேகப்படுத்துகிறது.

சூடு கூடினால் செடிக்கு நல்லதுதானே?

குளிரில் நடுங்கும் செடிக்குக் கொஞ்சம் வெதுவெதுப்பு கிடைத்தால் நன்றாகத்தானே வளரும் என்று தோன்றலாம். டகாகியா விஷயத்தில் கணக்கு தலைகீழ்.

பனி சீக்கிரம் உருகி, தாமதமாகப் பெய்தால், செடி திறந்த வெளியில் இருக்கும் நாட்கள் கூடும். அத்தனை நாளும் புற ஊதாக் கதிர் அடிக்கும். பழுதுபார்க்கும் திறன் இருக்கிறதுதான். ஆனால் நான்கு மாதத்துக்கென்று அமைந்த பழுதுபார்ப்பு ஏற்பாடு அதைவிட நீண்ட காலத்துக்கு எப்படி ஈடுகொடுக்கும்?

அடுத்தது ஈரம். வேர் இல்லாத, மண்ணுக்குள் இறங்கித் தண்ணீர் தேட முடியாத செடி இது. பனி உருகிக் கசியும் ஈரம்தான் ஆதாரம். பனிப்பாறை பின்வாங்கினால் அந்தக் கசிவும் விலகிப் போகும்.

மூன்றாவது போட்டி. கடுங்குளிரில் மற்ற செடிகள் வளர முடியாததால்தான் மெதுவாக வளரும் டகாகியாவுக்கு அங்கே இடம் கிடைத்தது. சூடு கூடும்போது கீழே இருந்த, வேகமாக வளரும் செடிகள் மேலே ஏறி வருவது உலகின் பல மலைகளில் நடக்கிறது. கஷ்டமான இடத்தில் வாழப் பழகிய உயிரினத்துக்கு, இடம் சுலபமாகிவிட்டால் அதுவே ஆபத்து.

நான்காவது, தப்பிக்க வழி இல்லை. சமவெளியில் வாழும் செடி சூடு கூடினால் தலைமுறை தலைமுறையாக வடக்கே நகரலாம், மலையேறலாம். ஏற்கெனவே உச்சிக்குப் பக்கத்தில் இருப்பது எங்கே ஏறும்? மேலே போகப் போக மலை குறுகிக்கொண்டே போகும். அதற்கு மேல் வானம்தான்.

39 கோடி ஆண்டு அனுபவம் ஏன் கைகொடுக்கவில்லை?

இதுதான் இந்த ஆய்வு சொல்லும் மையமான விஷயம். டகாகியா மாறத் தெரியாத செடி அல்ல. மாறுவதில் கில்லாடி என்பதற்கு அதன் மரபணுக்களே சாட்சி. ஆனால் அந்த மாற்றத்துக்கு அதற்குக் கிடைத்த கால அவகாசம் 6.5 கோடி ஆண்டுகள். மலை ஒரு ஆண்டில் உயர்வது கண்ணுக்கே தெரியாத அளவு. ஒவ்வொரு சிறு உயர்வுக்கும் ஆயிரக்கணக்கான தலைமுறைகள் கிடைத்தன. தாங்கியவை பிழைத்தன, தாங்காதவை மறைந்தன, மரபணு மெல்ல மெல்லத் திருத்தப்பட்டது.

இப்போது நடக்கும் மாற்றம் பத்தாண்டுக் கணக்கில் நடக்கிறது. மெதுவாக வளரும் ஒரு பாசிக்கு 10 ஆண்டு என்பது ஒன்றுமே இல்லை. மாடிப்படியில் ஒவ்வொரு படியாக இறங்கினால் பத்து மாடியும் இறங்கலாம். பத்து மாடியையும் ஒரே தாவலில் இறங்கச் சொன்னால்? உயரம் அதேதான், வேகம்தான் ஆளைக் கொல்லும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. டகாகியாவில் ஆண், பெண் செடிகள் தனித்தனி. ஆண் உறுப்புகள் அலூஷியன் தீவுகளில் கிடைக்கவே 1990-கள் வரை ஆனது என்பதிலிருந்தே அவை எவ்வளவு அரிது என்று தெரியும். பெரும்பாலும் உடைந்து விழும் துண்டுகளும் கிளைகளும்தான் புதுச் செடியாகின்றன. அப்படி வளர்பவை தாய்ச்செடியின் அச்சு அசலான நகல்கள். இரண்டு செடிகளின் மரபணுக்கள் கலந்து புதுப்புது வகைகள் உருவானால்தான், அதில் ஏதாவது ஒன்று புதிய வெப்பத்தைத் தாங்கும் வாய்ப்பு கூடும். அந்த வாய்ப்பு இங்கே குறைவு.

இன்னும் எவ்வளவு காலம்?

இந்த நூற்றாண்டின் முடிவில் டகாகியா வாழ ஏற்ற இடங்கள் உலகம் முழுவதும் சேர்த்தே 1,000 முதல் 1,500 சதுர கிலோமீட்டருக்குள் சுருங்கிவிடும் என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். டெல்லியின் பரப்பளவு சுமார் 1,484 சதுர கிலோமீட்டர். அதாவது, அதிகபட்சம் ஒரு டெல்லி அளவு இடம். அதுவும் ஒரே இடத்தில் இல்லை, வெவ்வேறு மலைகளில் சிதறிக் கிடக்கும்.

சிதறிக் கிடப்பதில் உள்ள ஆபத்து என்னவென்றால், ஒரு மலையில் அழிந்தால் அடுத்த மலையிலிருந்து வந்து நிரப்ப ஆள் இருக்காது. ஒரு நிலச்சரிவோ, ஒரே ஒரு மோசமான கோடையோ போதும், ஒரு திட்டு மொத்தமாகக் காலியாகிவிடும்.

காப்பாற்ற என்ன செய்கிறார்கள்?

ஆய்வுக் குழு அளந்து எழுதிவிட்டு ஒதுங்கிவிடவில்லை. டகாகியாவை ஆய்வகத்தில் வளர்த்துப் பெருக்கி, திபெத்தில் உள்ள சோதனை இடங்களில் நட்டுப் பார்த்தார்கள். 5 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவற்றில் சில செடிகள் பிழைத்து நன்றாக வளர்ந்தன. உடைந்த துண்டிலிருந்தே புதுச் செடி முளைக்கும் குணம் இந்த இடத்தில் பெரிய உதவி. விதை வேண்டாம், பூக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

பாசிகளைப் பாதுகாக்க இன்னொரு வழியும் உண்டு. மாஸ் வகைகள் பலவற்றைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, பல ஆண்டு கழித்து எடுத்தும் உயிர்ப்பிக்க முடியும். ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் இப்படிப் பாசி வகைகளைச் சேமித்து வைக்கும் சர்வதேச மையம் ஒன்று இயங்குகிறது. நெல்லுக்கும் கோதுமைக்கும் விதை வங்கி இருப்பது போல இது பாசி வங்கி.

ஆனால் இரண்டு வழிகளுக்கும் எல்லை இருக்கிறது.

நட்டு வளர்ப்பதால் செடியின் எண்ணிக்கை கூடும். ஆனால் நடுகிற இடமும் சூடாகிக்கொண்டே போனால், நட்டதும் நாளை அதே நிலைக்குத்தான் வரும். உறைய வைத்தால் மரபணு பிழைக்கும், வாழ்க்கை பிழைக்காது. திரும்ப எடுத்து நடுவதற்குப் பனி மூடிய ஒரு மலை வேண்டும். புலிக்குக் காப்பகம் அமைக்கலாம், வேலி போடலாம், வேட்டையைத் தடுக்கலாம். டகாகியாவை யாரும் வேட்டையாடவில்லை, யாரும் பறித்து விற்கவும் இல்லை. அதன் எதிரி காற்றில் கலந்த சூடு. அதற்கு எந்தக் காப்பகத்தாலும் வேலி போட முடியாது.

எனவே நடவு, சேமிப்பு எல்லாம் கால அவகாசம் வாங்கும் முயற்சிகள்தான். நிரந்தரத் தீர்வு வெப்பமயமாதலைக் கட்டுப்படுத்துவதில்தான் இருக்கிறது.

ஒரு பாசி போனால் என்ன நஷ்டம்?

நியாயமான கேள்வி. டகாகியாவிலிருந்து மருந்து எடுக்கப்படவில்லை, அதை யாரும் சாப்பிடுவதும் இல்லை. ஆனாலும் மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம், பாசிகள் செய்யும் வேலை. பனிப்பாறை விலகிய வெற்றுப் பாறையில் முதலில் குடியேறும் தாவரங்களில் மாஸ் வகைகளும் உண்டு. மழையையும் பனிநீரையும் பஞ்சு போலப் பிடித்து வைத்து மெதுவாக விடும். மண் அடித்துப் போகாமல் தடுக்கும். சிறு பூச்சிகளுக்கு வீடாகும். உயரமான மலைகளில் இந்த வேலையைச் செய்ய வேறு ஆட்கள் அதிகம் இல்லை.

இரண்டாவது, அதற்குள் இருக்கும் தகவல். தாவரங்கள் நீரிலிருந்து நிலத்துக்கு வந்து காலூன்றிய கதையின் ஆரம்பப் பக்கங்கள் இதுபோன்ற பழைய பரம்பரைகளில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. குளிர், கதிர்வீச்சு இரண்டையும் ஒரு செடி எப்படித் தாங்குகிறது என்ற பாடமும் அதில் இருக்கிறது. அதன் மரபணுத் தொகுப்பு முழுமையாகப் படிக்கப்பட்டதே 2023-இல்தான் வெளிவந்தது. புத்தகத்தைத் திறந்த நேரத்தில் பக்கங்கள் கரைய ஆரம்பித்துவிட்டன.

மூன்றாவது, அது தரும் எச்சரிக்கை. டகாகியாவைத் தள்ளாட வைக்கும் அதே பனி உருகல்தான் ஆசியாவின் பெரிய ஆறுகளையும் தொடுகிறது. சிந்துவும் பிரம்மபுத்திராவும் திபெத் பகுதியில்தான் பிறக்கின்றன. பனிப்பாறைகள் சுருங்கினால் ஆரம்பத்தில் வெள்ள ஆபத்து கூடும், பிறகு கோடையில் ஆற்றுக்கு வரும் நீர் குறையும். பாசி நகர முடியாது, பேச முடியாது. ஆனால் மலையில் என்ன நடக்கிறது என்பதை அதன் பரப்பளவு ஆண்டுதோறும் காட்டிக்கொண்டிருக்கிறது.

டகாகியாவோடு வளரும் மற்ற மாஸ் வகைகள் அதே அளவு வேகமாகக் குறையவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பசுமை மொத்தமாக மறைந்துவிடாது. பாறையின் மேல் வேறு ஏதாவது ஒரு பச்சை இருக்கும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. இப்படித்தான் அரிய இனங்கள் சத்தமில்லாமல் காணாமல் போகின்றன. அவற்றின் இடத்தில் சாதாரண இனங்கள் வந்து நின்றுவிடும்.

சுருக்கமாகச் சொன்னால்...

• டகாகியா, சுமார் 39 கோடி ஆண்டு பழைய பரம்பரையைச் சேர்ந்த மாஸ் வகைப் பாசி. உலகில் இரண்டே இனங்கள்.

• 6.5 கோடி ஆண்டுகளில் நிலம் உயர உயர, குளிரையும் புற ஊதாக் கதிரையும் தாங்கக் கற்றுக்கொண்டது.

• 2010 - 2021 காலத்தில் திபெத் ஆய்விடத்தில் வெப்பம் மிக வேகமாக உயர்ந்தது. டகாகியாவின் பரப்பு ஆண்டுக்கு சுமார் 1.6 சதவீதம் சுருங்கியது.

• ஆய்வகத்தில் வளர்த்து நட்ட செடிகளில் சில பிழைத்துள்ளன. ஆனால் பனி இல்லாத மலையில் அந்த முயற்சியும் நீடிக்காது.

• நூற்றாண்டின் முடிவில் வாழிடம் 1,000 - 1,500 சதுர கிலோமீட்டராகச் சுருங்கலாம் என்பது கணிப்பு.

திபெத்தில் நட்ட செடிகளில் சில பிழைத்தன என்பது நல்ல செய்தி. அவை எவ்வளவு காலம் நிற்கும் என்பதை அந்த மலையில் இனி ஆண்டுக்கு எத்தனை மாதம் பனி தங்கப் போகிறது என்பதுதான் முடிவு செய்யும். அது, நாம் எரிக்கும் எரிபொருளின் கணக்கு.